அக்கா வீட்டுக் கடலோடிகள்

என் அக்கா வீட்டுக்கு வந்துபோன கடலோடிகளை வரிசையாக நிற்க வைத்தால், படகுத்துறையில் தொடங்கும் வரிசை மேட்டுத் தெருவைத் தாண்டி எங்கள் வாசல் வரைக்கும் வரும். அத்தனை பேரும் கட்டிப்பிடிப்பார்கள். அத்தனை பேரும் முதல் ஐந்து நிமிடத்தில் வைஃபை பாஸ்வேர்ட் கேட்பார்கள். சாப்பிட்ட தட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கழுவியவர்களை எண்ண என் ஒரு கை விரல்களே அதிகம்.

எங்கள் அப்பா கட்டிய இரண்டு மாடி வீடு அது. கீழே அக்காவும் அத்தானும், மேலே நான். வெந்நீர்த் தொட்டி இருவருக்கும் பொது. மொட்டைமாடிக் கொடியும் பொது. அதனால் கடலோடிகள் என் வாழ்க்கையிலும் பொது ஆகிவிட்டார்கள். நான் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பவள். காலை எட்டு மணிக்கு நான் குளிக்கப் போகும்போது குழாயில் பச்சைத் தண்ணீர் வந்தால், கீழே யாரோ ஒரு தாடிக்காரர் மூன்று வார உப்பை அரைமணி நேரமாகக் கரைத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

அத்தானுக்குத் துறைமுகத்தில் 'கேப்டன்' என்று பெயர். அந்தப் பெயரை அவருக்கு யார் வைத்தார்கள் என்று விசாரித்தபோது, அவரே வைத்துக்கொண்டார் என்றுதான் தெரிந்தது. குடிநீர் அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் தண்ணீர் மீட்டர் சோதித்தவர். ஓடாத மீட்டரைத் தட்டிப் பார்த்து, 'ஓடவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவருடைய வேலை. அப்படி இருந்த மனிதர் ஒருநாள் படகுப் பத்திரிகை ஒன்றைப் படித்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கி, முப்பது அடிப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கினார். அக்கா அப்போது ஒரு பள்ளிக்கூடத்தின் அறிவியல் கூடத்தில் உதவியாளராக இருந்தாள். குடுவை கழுவுவது, அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து ஊற்றுவது, பிள்ளைகள் விரலைச் சுட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது. அந்த வேலையை விட்டுவிட்டு அவளும் படகில் ஏறினாள். பதினான்கு மாதம் கடலில் சுற்றினார்கள். பிறகு அத்தானுக்கு முதுகுவலி வந்தது. படகை விற்றுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அக்காவின் இடத்தில் வேறு ஆள் வந்துவிட்டிருந்தார்.

பதினான்கு மாதம் கடலில் இருந்தவர், அதற்கப்புறம் எட்டு வருடம் அதைப் பற்றிப் பேசினார்.

பேசுவதற்கு ஆள் வேண்டுமே. நான் காதில் பஞ்சு வைத்துக்கொள்பவள். தெருக்காரர்கள் அவரைக் கண்டால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். ஆகவே அத்தான் தினமும் காலையில் துறைக்குப் போய், புதிதாக நங்கூரம் போட்ட படகு எதைப் பார்த்தாலும் கையை ஆட்டுவார். "வீட்டுக்கு வாங்க! வெந்நீர் இருக்கு, வாஷிங் மெஷின் இருக்கு, நல்ல சாப்பாடு இருக்கு!" என்பார். இந்த மூன்றில் எதையும் அவர் செய்வதில்லை என்பதை அவர்கள் வந்த பிறகுதான் தெரிந்துகொள்வார்கள். தெரிந்தும் யாரையும் அது உறுத்தியதில்லை.

அப்படியே பெயர் பரவியது. கடலோடிகளுக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. அதில் எங்கள் வீட்டுக்கு வரும் வழியை ஒருவர் படம் போட்டே காட்டியிருந்தார். சிவப்பு அம்புக்குறி சரியாக எங்கள் துணி துவைக்கும் மெஷினில் போய் முடிந்திருந்தது.

அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எல்லாவற்றையும் துறந்துவிட்டோம் என்று சொல்லாத ஆள் அதில் இல்லை. வீடு வேண்டாம், வேலை வேண்டாம், சொந்தபந்தம் வேண்டாம், காற்று போதும் என்பார்கள். சொல்லிக்கொண்டே நம் வீட்டு சோபாவில் காலை நீட்டிக்கொள்வார்கள். கரையில் இருப்பவர்களைப் பார்த்து அவர்களுக்கு ஒரு இரக்கம். "தினமும் ஒரே மேஜையிலயா உட்காருவீங்க?" என்று ஒரு முன்னாள் வங்கி மேலாளர் என்னிடம் கேட்டார். அவர் சட்டைப்பையில் என் அக்கா தேய்த்துக் கொடுத்த கைக்குட்டை இருந்தது. "ஆமாங்க, நான் எழுந்து போயிட்டா உங்க பல்லை யாரு பார்க்கிறது?" என்றேன். அவருக்கு மறுநாள் எங்கள் ஆஸ்பத்திரியில் கடைவாய்ப் பல் பிடுங்க நான்தான் நேரம் வாங்கித் தந்திருந்தேன்.

போகும்போது பரிசு கொடுப்பார்கள். பாதி தீர்ந்த ஷாம்பு, துருப்பிடித்த ஆணிகள் ஒரு டப்பா, ஈரத்தில் ஊதிப்போன துப்பறியும் நாவல். "கடல்ல எல்லாரும் ஒரே குடும்பம்" என்று கண் கலங்குவார்கள். குடும்பத்தில் யாரும் படுக்கை விரிப்பை மடித்து வைத்ததில்லை.

சாப்பாட்டு மேஜையில் அத்தானின் கச்சேரி நடக்கும். ஆறு படகுகள் சேர்ந்து கிளம்பியது, நடுக்கடலில் மூன்று நாள் புயல் பிடித்தது, ரேடியோவில் அவர் மற்றவர்களுக்குத் தைரியம் சொன்னது, சுக்கானை விடாமல் பிடித்துக்கொண்டு மலை மலையாக வந்த அலைகளை நேருக்கு நேர் எதிர்த்துப் போனது. அலையின் உயரம் வருடத்துக்கு மூன்று அடி ஏறும். முதல் வருடம் ஜன்னல் உயரம் இருந்தது, எட்டாம் வருடம் எங்கள் மொட்டைமாடியைத் தாண்டிவிட்டது. எனக்குக் காது புளித்துப்போயிருந்தது. அக்கா அடுப்படியில் இருப்பாள். சூப்பைக் கொண்டுவந்து வைப்பாள், காலித் தட்டை எடுத்துப்போவாள். "இவங்களும் அப்ப படகுல இருந்தாங்களா?" என்று யாராவது கேட்டால், "இருந்தா, இருந்தா. கீழே அறையில பத்திரமா இருந்தா" என்று அத்தான் பெரிய மனசோடு சிரிப்பார். அக்கா ஒன்றும் சொல்லமாட்டாள். அவளைப் பார்த்தாலும் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். இப்படியும் ஒரு மண்ணாங்கட்டியா என்று நினைப்பேன். மறைக்காமல் சொல்கிறேன், அத்தானை நான் எவ்வளவு மட்டமாக நினைத்தேனோ, அதில் முக்கால்வாசி அவளையும் நினைத்தேன்.

எட்டாம் வருடம், மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ரயிலக்கா வந்தார்.

ரயிலக்கா என்பது நாங்கள் பிற்பாடு வைத்த பெயர். சரக்கு ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், அறுபதைத் தாண்டியவர், தனி ஆளாகப் படகு ஓட்டுபவர். குட்டையான உருவம், மண்வெட்டி மாதிரி கை. வலது மணிக்கட்டில் மட்டும் துணிக்கட்டு. அத்தான் வழக்கம்போல் துறையிலிருந்து பிடித்துக்கொண்டு வந்திருந்தார். கூடவே ஒரு இளம் தம்பதியும் வந்திருந்தார்கள். தாங்கள் கைப்பிடித்துக் கிணற்றை எட்டிப் பார்ப்பதைக்கூடப் படம் எடுத்து ஊருக்குக் காட்டும் ரகம். அன்று எனக்கு விடுமுறை. என் பிரிட்ஜ் காலி. அதனால் நானும் மேஜையில் இருந்தேன்.

ரயிலக்கா செருப்பை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். பாஸ்வேர்ட் கேட்கவில்லை. எனக்கு அப்போதே சந்தேகம்.

அத்தான் புயலைத் தொடங்கினார். அலை மொட்டைமாடியைத் தாண்டியது. இளம் தம்பதி வாயைப் பிளந்தார்கள். எனக்குத் தொழில் பழக்கத்தில் கீழ்வரிசைப் பல்லில் இருந்த கறைதான் கண்ணில் பட்டது. ரயிலக்கா ரொட்டியைப் பிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று நிமிர்ந்தார்.

"எந்தப் புயல்? ஆறு படகு சேர்ந்து கிளம்பின அந்தப் பயணமா?"

"அதே! நீங்க கேள்விப்பட்டிருக்கீங்களா?" அத்தானுக்கு வாயெல்லாம் பல்.

"கேள்விப்படறதென்ன, நான் ரெண்டாம் நம்பர் படகு. காத்து என்னை வேற துறைக்குத் தள்ளிடுச்சு, அதனால உங்க யாரையும் நேர்ல பார்த்ததில்ல. நீங்க எத்தனாம் நம்பர்?"

"ஆறு" என்றார் அத்தான். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

ரயிலக்கா ரொட்டியைக் கீழே வைத்தார். "அலையை எதிர்த்தா போனீங்க? அந்தக் கடல்ல எதிர்த்துப் போயிருந்தா முப்பது அடிப் படகு மூணே அலையில விறகாயிருக்குமே. நாங்க எல்லாரும் அலைக்கு முதுகைக் காட்டித்தானே ஓடினோம்."

எட்டு வருடத்தில் இந்த மேஜையில் உட்கார்ந்து எழுந்த அத்தனை வீராதிவீரர்களில் ஒருவருக்குக்கூட இந்தக் கேள்வி தோன்றவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளவேண்டும். அவர்கள் கதை கேட்க வந்தவர்கள் இல்லை. தங்கள் கதையைச் சொல்ல இடைவெளி தேடிக்கொண்டிருந்தவர்கள்.

அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "சூப் ஆயிடுச்சு. ரெண்டு நிமிஷம், அவ்வளவுதான்."

ரயிலக்காவின் கை அப்படியே நின்றது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து அடுப்படி வாசலுக்குப் போனார். அக்கா கரண்டியோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதான் ஆறாம் நம்பரா?" என்று கேட்டார் ரயிலக்கா.

அக்கா அடுப்பைத் தணித்தாள்.

"'ஆறாம் நம்பர் பேசறேன். சுக்கானைக் கயித்தால கட்டிட்டு வந்திருக்கேன். ரெண்டு நிமிஷம், அவ்வளவுதான்.' மூணு நாளும் மணிக்கு ஒரு தடவை இந்தக் குரல்தான் வந்துச்சு. நாங்க இருக்கிற இடத்தைக் குறிச்சுக்கிட்டு, அடுத்து காத்து எந்தப் பக்கம் திரும்பும்னு சொன்ன குரல். நாலாம் நம்பர்க்காரர் அழுதப்ப, அவரை ஒண்ணுலருந்து நூறு வரைக்கும் எண்ணச் சொன்ன குரல். உங்களை நான் எங்கெல்லாம் விசாரிச்சேன் தெரியுமா?"

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் விடவில்லை. "அது வந்து, ரேடியோவை அவ பார்த்துக்கிட்டா. சுக்கானை நான் பிடிச்சிருந்தேன். வேலையைப் பங்கு போட்டுக்கிட்டோம்" என்றார்.

"நீங்க பிடிச்சிருந்தா அவங்க எதுக்கு அதைக் கயித்தால கட்டணும்?" என்றார் ரயிலக்கா. சண்டைக்காகக் கேட்ட மாதிரி இல்லை. சிக்னல் ஏன் சிவப்பாக இருக்கிறது என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

இளம் தம்பதியில் பெண் மெல்லப் போனை எடுத்தாள். நான் அதை வாங்கி ரொட்டிக் கூடைக்குள் வைத்தேன். அக்கா சூப்பைக் கொண்டுவந்து ஒவ்வொருவருக்கும் ஊற்றினாள். அத்தானுக்கும் ஊற்றினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏண்டி, இத்தனை வருஷமா நீ ஏன் சொல்லலை?" என்றேன்.

"யாரு கேட்டா?" என்றாள் அக்கா.

அதை அவள் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். எட்டு வருடம் அவள் தலைக்கு மேலே குடியிருந்தவள் நான். வெந்நீர் இல்லை என்று படியிறங்கி வந்து கத்தியிருக்கிறேன். ஒருநாள்கூட, கடலில் நீ என்ன செய்தாய் என்று கேட்டதில்லை. அவள் பாத்திரம் கழுவியிருப்பாள் என்று நானும் முடிவு செய்து வைத்திருந்தேன். சூப்பு சுட்டதாகச் சொல்லித் தலையைக் குனிந்துகொண்டேன்.

சாப்பாடு முடிந்ததும் ரயிலக்கா தன் தட்டைத் தானே கழுவினார். கழுவிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னார். மணிக்கட்டு சரியில்லை, படகை மழை பெரிதாகப் பிடிப்பதற்குள் தெற்கே ஒரு துறைக்குக் கொண்டுபோக வேண்டும், பதினோரு நாள் பயணம், தனியாக முடியாது. "நீங்க வர்றீங்களா?"

"எப்ப?" என்றாள் அக்கா.

"வெள்ளிக்கிழமை காலையில."

"சரி."

அவ்வளவுதான் பேச்சு. முப்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் அக்கா இவ்வளவு சீக்கிரம் எதற்கும் 'சரி' சொல்லி நான் பார்த்ததில்லை. கேப்டன் ஹாலிலிருந்து எட்டிப் பார்த்தார். மனைவி கடலுக்குப் போகிறாள் என்று தெரிந்ததும் அந்த மாவீரர் கேட்ட முதல் கேள்வி இது: "அப்ப சனிக்கிழமை வர்ற நாலு பேருக்கு யாரு சமைக்கிறது?"

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, அக்கா பை அடுக்குவதைப் பார்க்கப் போனேன். இரண்டு கால்சட்டை, ஒரு கனமான மேல்சட்டை, மழைக்கோட்டு, கத்தி, தலையில் மாட்டும் விளக்கு. எல்லாம் அலமாரியின் அடியில், போர்வைகளுக்குப் பின்னால் இருந்தன. கத்திக்கு எண்ணெய் போட்டு வைத்திருந்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, "இப்ப கேட்கிறேன், சொல்லு" என்றேன்.

அவள் சட்டையை உருட்டிக்கொண்டே சொன்னாள்.

"முதல் நாள் காத்து ஏறினதுமே அவருக்கு முடியலை. கீழே போய்ப் படுத்துட்டாரு. எழுந்திருக்கவே இல்ல, கடைசியில வாளியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. நான்தான் பெரிய பாயை இறக்கினேன். கைக்குட்டை அளவுக்கு ஒரு சின்னப் பாய் இருக்கும், அதை மட்டும் கட்டினேன். படகு ரொம்ப வேகமா ஓடிச்சுன்னா அலை மேலருந்து தலைகுப்புற விழுந்துடும். அதனால இருந்த கயிறு எல்லாத்தையும் பின்னால தண்ணியில இழுக்க விட்டேன். அது பிடிச்சு இழுக்க இழுக்க வேகம் குறைஞ்சுது. இதெல்லாம் அவரோட புஸ்தகத்துல இருந்துச்சு. அவரு படம் பார்த்தாரு, நான் படிச்சேன்."

"பயமா இல்லையா?"

"முதல் நாள் பயம். ரெண்டாம் நாள் பயப்பட நேரமில்ல. மூணாம் நாள்..." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "சொன்னா சிரிக்கக் கூடாது. சந்தோஷமா இருந்துச்சு. பின்னால அலை எழும்பற சத்தத்தை வெச்சே இது எந்தப் பக்கம் தள்ளும்னு கைக்குத் தெரிஞ்சுபோச்சு. பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் அதைத்தான் நினைச்சுக்குவேன்."

"அப்புறம் எப்படி அவரு கதையாச்சு?"

"கரைக்கு வந்தோம். துறையில ஒரு ஆள் ஓடி வந்து, 'எப்படிண்ணே சமாளிச்சீங்க?'ன்னு கேட்டான். அவரைப் பார்த்துத்தான் கேட்டான். அவரு ஒரு நிமிஷம் என்னைத் தேடினாரு. நான் குனிஞ்சு கயிறு கட்டிக்கிட்டிருந்தேன். நிமிர்றதுக்குள்ள அவரு பதில் சொல்ல ஆரம்பிச்சிட்டாரு. அன்னிக்கே நிறுத்தியிருக்கணும். மறுநாள் இன்னொருத்தன் கேட்டான். ஒரு மாசம் ஆச்சு, ஒரு வருஷம் ஆச்சு. அப்புறம் எந்த இடத்துல போய் நிறுத்தறது?"

"படகை வித்தப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"வித்ததே எனக்கு வித்த பிறகுதான் தெரியும்" என்றாள். பையின் வாயைக் கட்டினாள். கட்டிய முடிச்சு எனக்குப் புரியவில்லை. ஒரே இழுப்பில் அவிழ்வது மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை போனாள். பதினோரு நாள் பயணம் நாலு மாதமாக நீண்டது. ரயிலக்காவின் படகைச் சேர்த்த துறையில் இன்னொருவர் படகை வேறு ஊருக்குக் கொண்டுபோக ஆள் கேட்டார்களாம். அதை முடித்ததும் அங்கே இன்னொன்று. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போன் செய்வாள். "நல்லா இருக்கேன். நல்லா தூங்கறேன்" என்பாள். பின்னால் காற்றுச் சத்தம் கேட்கும்.

இங்கே கரையில் கேப்டனின் ராஜ்யம் நான்கே நாளில் கவிழ்ந்தது. அந்தச் சனிக்கிழமை நாலு பேர் அழுக்கு மூட்டையோடு வந்து இறங்கினார்கள். அத்தான் முட்டை அவித்தார். ஓடு உரிக்காமல் வைத்தார். வாஷிங் மெஷினில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் என்னைக் கூப்பிட்டார். ஆயுளெல்லாம் தண்ணீர் மீட்டர் பார்த்தவருக்கு அதில் தண்ணீர் எப்படி வருகிறது என்று தெரியவில்லை. "எனக்கும் தெரியாது அத்தான்" என்று சொல்லிவிட்டு மேலே போய் என் துணியை என் மெஷினில் போட்டேன்.

வாரம் ஒன்று போனதும் அந்த வாட்ஸ்அப் குழுவில் செய்திகள் வரத் தொடங்கின. அத்தான்தான் என்னிடம் காட்டினார், பாவம், ஆறுதல் கிடைக்கும் என்று நினைத்து. 'அந்த வீடு முன்ன மாதிரி இல்லை' என்று ஒருவர். 'உபசரிப்பு குறைஞ்சுபோச்சு, முட்டை மட்டும்தான்' என்று ஒருவர். 'அவங்க மனைவி எங்கேயோ போயிட்டாங்களாம். வர்ற தேதி தெரிஞ்சா சொல்லுங்க, அப்ப போகலாம்' என்று இன்னொருவர். அதற்குக் கீழே பதினேழு கட்டைவிரல்கள். எட்டு வருடம் அவள் கையால் சாப்பிட்டவர்கள். எங்கே போனாள், நல்லபடியாக இருக்கிறாளா என்று ஒருவர் கேட்கவில்லை. முன்னாள் வங்கி மேலாளர் மட்டும் என் வாசல் மணியை அடித்து, மேலேயும் வெந்நீர் வரும்தானே என்று கேட்டார். கடல் இருக்கிறதே, அதில் போய்க் குளிக்கச் சொன்னேன்.

பிறகு கொஞ்ச நாள் யாரும் வரவில்லை. அத்தான் தனியாகச் சாப்பிட்டார். துறைக்குப் போவார், வருவார். ஒருநாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது ஹாலில் பேச்சுச் சத்தம். எதுவும் தெரியாமல் புதிதாக வந்த மூன்று பேர். படியில் நின்று கேட்டேன். புயல் தொடங்கியிருந்தது. அலை எழும்பிவிட்டது. ஒருவர், "அப்ப சுக்கானை விடவே இல்லையாண்ணே?" என்றார்.

அத்தான் தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்: "சுக்கானை என் பொண்டாட்டி பிடிச்சா. நான் கீழே வாளியோட படுத்துக் கிடந்தேன்."

மனிதர் திருந்திவிட்டார் என்று ஒரு கணம் எனக்கே நெஞ்சு இளகியது. அதற்குள் உள்ளே சிரிப்பு வெடித்தது. "அடடா, என்ன மனசுண்ணே உங்களுக்கு! எந்த ஆம்பளை இப்படி ஒத்துக்குவான்!" என்று ஒருவர் எழுந்து அவரைக் கட்டிப்பிடித்தார். அத்தான் முகத்தில் வெளிச்சம் பரவியதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். மறுவாரம் அதையே இன்னும் விரிவாகச் சொன்னார். அதற்கடுத்த வாரம் வாளியைத் தூக்கிவந்து நடித்தே காட்டினார். வாட்ஸ்அப் குழுவில் அவருடைய பணிவைப் பற்றி எழுதினார்கள். பொய் சொல்லி வீரர் ஆனவர், உண்மையைச் சொல்லி மகான் ஆகிவிட்டார். புயலில் படகை ஓட்டியவளின் பெயரை அப்போதும் ஒருவரும் கேட்கவில்லை.

அக்கா திரும்பி வந்த அன்று மேஜையில் ஐந்து பேர் இருந்தார்கள். வெயிலில் கறுத்து, தோள் அகன்று, முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். பையை வாசலிலேயே வைத்துவிட்டு, காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அடுப்படிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அத்தான் அவளைப் பார்த்ததும் குரலை இன்னும் உயர்த்தி, "இதோ வந்துட்டா என் கேப்டன்!" என்று சொல்லி, வாளிக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். அவள் முழுவதையும் கேட்டாள். விருந்தாளிகள் கை தட்டினார்கள்.

"வாந்தி மூணாவது நாள்தான்" என்றாள் அக்கா. "முதல் ரெண்டு நாளும் அழுதீங்க."

யாருக்கும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, நான் சிரித்தேன்.

"அழுதா தப்பில்ல. நாலாம் நம்பர்க்காரரும்தான் அழுதாரு" என்று அவளே தொடர்ந்தாள். "ஆனா நான் பேசறதுக்கு ஒரு இடம் வெச்சிருந்தீங்கன்னா நல்லா இருந்திருக்கும். சரி, பசிக்குது. என்ன இருக்கு?"

அத்தான் எழுந்து அடுப்படிக்குப் போனார். முட்டை உரிக்கும் சத்தம் கேட்டது. அவர் வெளியே வர நெடுநேரம் ஆனது. வந்தபோது கண் சிவந்திருந்தது. வெங்காயம் எதுவும் நறுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். இரக்கப்பட வேண்டிய இடம்தான். என்னால் முழுதாக முடியவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் சட்டம் மாறியது. யார் வந்தாலும் வரட்டும், ஆனால் ஒரு வேளை அவர்கள் சமைக்கவேண்டும், அவரவர் துணியை அவரவர் துவைக்கவேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டாள். ஒரே குடும்பம் என்று நெஞ்சைத் தொட்டவர்களில் பாதிப்பேர் அந்த வாரமே வேறு துறையில் நங்கூரம் பாய்ச்சினார்கள். மிச்சப் பாதியின் சமையலைச் சாப்பிட்டுப் பார்த்தேன். அவர்கள் ஏன் எங்கள் வீடு தேடி வந்தார்கள் என்று புரிந்தது. ரயிலக்கா மட்டும் வருடத்துக்கு இருமுறை வருவார். அவருக்கு என் வீட்டு வெந்நீரைத் தருவேன், அவர் கேட்காமலே.

அக்காவுக்கு இப்போது ஐம்பத்தைந்து வயது. பிறர் படகுகளை ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் தொழில். வருடத்தில் ஆறு மாதம் கடல். கரையில் இருக்கும்போது தூங்குகிறாள், என்னோடு சந்தைக்கு வருகிறாள், அத்தான் வைக்கும் சூப்பில் உப்பு கூடுதல் என்கிறாள். அவர் இப்போது மூன்று வகை சூப் வைப்பார். மூன்றும் ஒரே ருசி.

போன மாதம் மறுபடி கிளம்பினாள். ரயிலக்காவும் கூட. நானும் அத்தானும் வழியனுப்பத் துறைக்குப் போனோம். கயிற்றை அவிழ்த்துப் படகுக்குள் எறிய வேண்டிய ஒரே வேலையை அத்தானிடம் கொடுத்திருந்தார்கள். தண்ணீரில் போட்டார். அக்கா கொக்கிக்கோலால் அதை எடுத்துக்கொண்டாள். படகு திரும்பியது, பாய் ஏறியது, அவள் முதுகு மட்டும் தெரிந்தது. அத்தான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டே இருந்தார். படகு கல்தடுப்பைத் தாண்டிப் போன பிறகும் ஆட்டினார்.

"போதும் அத்தான், அவ இந்தப் பக்கம் பார்க்கவே இல்ல" என்றேன்.

"தெரியும்" என்றார். கையை இறக்கவில்லை.

எனக்குப் பத்து மணிக்கு ஆஸ்பத்திரி. அவரை அங்கேயே விட்டுவிட்டு மேட்டில் ஏறினேன்.